கவிழ்த்து வைத்த வாயு ஜாடி

2023 டிசம்பர் 26 இரவு, வடசென்னை கத்திவாக்கத்தில் என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு கைபேசியில் நான் எழுதி அனுப்பிய நான்கு வரிகளைப் பற்றியதுதான் இது. அறிவியல், தொழில்நுட்பம், அரசியல் என்று எதைப் பற்றியும் போகிற போக்கில் ஒரு கருத்தைச் சொல்லிவிட்டு நகரும் பழக்கம் எனக்குப் பல ஆண்டுகளாக இருந்தது. அந்த நான்கு வரிகளுக்குப் பிறகு அதை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. தெருவில் ‘விவரம் தெரிந்தவர்’ என்று பெயர் எடுத்த இன்னொருவருக்கு உதவக்கூடும் என்பதால் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

நான் மேல்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் வேதியியல் நடத்தி, 2019 மே மாதம் ஓய்வு பெற்றவன். எங்கள் தெருவில் பாதிப் பேர் என்னிடமோ என் உடன் பணியாற்றியவர்களிடமோ படித்தவர்கள். மீதிப் பேரின் பிள்ளைகள் படித்தார்கள். அதனால் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் அறிவியல் சம்பந்தமாக எது வந்தாலும் “சார் என்ன சொல்றாரு?” என்று ஒருவர் கேட்பதும், நான் உடனே பதில் எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கிய மாலையில், பாராசூட் ஏன் வைக்கவில்லை என்று ஒரு பையன் கேட்டான். நிலவில் பாராசூட்டைத் தாங்கிப் பிடிக்கக் காற்று இல்லை, எனவே கீழ்நோக்கி எரியும் எஞ்சின்களைக் கொண்டுதான் வேகத்தைக் குறைக்க முடியும் என்று எழுதினேன். ஐம்பது பேர் கைகூப்பும் படத்தை அனுப்பினார்கள். அந்தப் பதில் சரியானதுதான். ஆனால் அப்படிச் சரியாகச் சொன்ன ஒவ்வொரு பதிலும் அடுத்த பதிலை யாரும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்வதற்கு அடித்தளம் போட்டுக்கொண்டிருந்தது என்பதை நான் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

அந்த டிசம்பர் எங்கள் பகுதிக்கு மிகக் கொடிய மாதம். மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்து, கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் படகுகளின் மீதும் வலைகளின் மீதும் வீட்டுச் சுவர்களின் மீதும் கறுப்பாகப் படிந்திருந்தது. பல குடும்பங்களில் வாரக்கணக்கில் கடலுக்கோ ஆற்றுக்கோ போக முடியவில்லை. 26ஆம் தேதி சுனாமி நினைவு நாளும்கூட. காலையில் கடலில் பாலை ஊற்றிப் பூத்தூவிவிட்டு வந்த பெண்கள் அன்று முழுவதும் அதிகம் பேசவில்லை. இப்படிப்பட்ட ஒரு நாளின் நள்ளிரவை ஒட்டித்தான் அந்த நெடி வந்தது.

உறக்கத்தில் இருந்தபோதே என் மூக்கு அதை இன்னதென்று சொல்லிவிட்டது. அம்மோனியம் குளோரைடையும் நீற்றுச் சுண்ணாம்பையும் கலந்து சூடுபடுத்தி, வருகிற வாயுவைக் கவிழ்த்து வைத்த ஜாடியில் பிடிக்கும் செய்முறையை 31 ஆண்டுகள் மாணவர்களுக்குச் செய்து காட்டியவனுக்கு அந்த நெடியில் சந்தேகம் வராது. எழுந்து வாசலுக்கு வந்தேன். கண் எரிந்தது, தொண்டை கரித்தது. தெருவில் கதவுகள் திறந்துகொண்டிருந்தன, குழந்தைகள் இருமிக்கொண்டிருந்தார்கள். கைபேசியைப் பார்த்தால் குழுவில் ஒரே கேள்வி பத்து விதமாக வந்திருந்தது. “சார், இது என்ன வாடை? என்ன பண்றது?”

நான் எழுதியது இதுதான். திரையை இன்றும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். “இது அமோனியா. காற்றை விட இலேசான வாயு. தானாக மேலே போய்விடும். மாடியில் இருப்பவர்கள் கீழே வந்துவிடுங்கள். கதவு, ஜன்னலை மூடிக்கொண்டு வீட்டிலேயே இருங்கள், பதற்றம் வேண்டாம்.”

எழுத ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பிறகு உள்ளே போய்க் கதவை மூடினேன். எங்கள் வீடு கான்கிரீட் தளம் போட்டது; ஜன்னல்கள் இறுக மூடும்.

சுமார் நாற்பது நிமிடம் கழித்து வெளியே சத்தம் கூடியதால் மறுபடி கதவைத் திறந்தேன். தெருவில் முக்கால்வாசிப் பேர் கிளம்பிப் போய்விட்டிருந்தார்கள். எனக்கு நான்கு வீடு தள்ளி, கீழே ஒரு நடையும் மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஓர் அறையுமாக ஒரு வீடு உண்டு. அங்கே ஒரு பெண்மணி தம் மாமியாரோடு இருக்கிறார். அந்த ஆயாவுக்கு நெடுநாளாக வீசிங். என் வரிகளைப் படித்துவிட்டு மருமகள் ஆயாவை மாடியிலிருந்து இறக்கி, கீழே நடையில் ஒரு பாயில் உட்கார வைத்து, தெருக்கதவைச் சாத்தியிருக்கிறார். அந்தக் கதவுக்கும் நிலைக்கும் இடையே இரண்டு விரல் நுழையும். நான் போனபோது ஆயா மூச்சுக்கு ஏங்கிக்கொண்டிருந்தார். கடைசியாகத் தெருவில் நின்ற ஒரு ஆட்டோவில் ஏற்றித் தெற்கே கொண்டுபோனோம். ஆட்டோவுக்குள் அந்தப் பெண்மணி என்னைப் பார்த்து, குற்றம் சாட்டும் குரலிலேயே இல்லாமல், “நீங்க சொன்னீங்களேன்னுதான் சார் கீழ எறக்குனேன்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தை என்னால் மறக்க முடியவில்லை.

ஓர் உரத் தொழிற்சாலைக்காகக் கப்பலிலிருந்து கரைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது என்பது விடிந்த பிறகு எல்லோருக்கும் தெரிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் பகுதிகளிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். எங்கள் ஆயாவுக்கு இரண்டு நாள் ஆக்ஸிஜன் வைத்தார்கள். பிறகு வீடு திரும்பினார். நடையில் உட்கார்ந்திருந்த அந்த நாற்பது நிமிடத்தால் எவ்வளவு கெடுதல், அதற்கு முன்பே மூச்சில் போனதால் எவ்வளவு என்று மருத்துவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான் அதைச் சமாதானமாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்பது நிமிடம் அவர்களை அங்கேயே கட்டிப்போட்டது என் சொல்.

என் தவறு எங்கே இருந்தது என்று பார்க்க எனக்குப் பல நாட்கள் ஆயின. இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நான் பொய் எதையும் சொல்லவில்லை. அமோனியாவின் மூலக்கூறு எடை 17. காற்றின் சராசரி 29. எனவே ஒரே வெப்பநிலையில் அமோனியா காற்றை விட இலேசானது. பாடநூலில் உள்ளது அதுதான், அது உண்மையும்கூட. ஜாடியைக் கவிழ்த்துப் பிடிப்பதும் அதற்காகத்தான். ஆனால் அந்த ஜாடியில் வருவது சூடாக்கிய குழாயிலிருந்து நேராக வரும் உலர்ந்த, கலப்பில்லாத அமோனியா. தொழிற்சாலைகளில் அமோனியாவை மைனஸ் 33 டிகிரி செல்சியஸுக்குக் குளிரவைத்தோ அழுத்தத்தைக் கூட்டியோ திரவமாக வைத்துக் கையாள்கிறார்கள். திரவம் கசிந்து நுண்துளிகளாகச் சிதறினால், அந்தத் துளிகளும், அவை குளிரவைத்த ஈரக் காற்றும், அதில் உறைந்த நீர்த்துளிகளும் சேர்ந்து காற்றை விடக் கனமான மூட்டமாகத் தரையோடு தவழ்ந்து போகக்கூடும். அன்றைய கசிவு கடலுக்கு அடியில் நடந்தது. வெளியேறியதில் எவ்வளவு நீரில் கரைந்தது, எவ்வளவு மேலே வந்தது என்பதெல்லாம் வாசலில் நின்ற என் கணக்குக்குள் இருக்கவே இல்லை.

இதை விட எளிமையான ஒன்றையும் நான் தவறவிட்டேன். மூக்குக்கு நெடி தெரிகிறது என்றால், அந்த வாயு மூக்கு உயரத்தில் இருக்கிறது. காற்றோடு கலந்து நீர்த்துப்போன பிறகு அது தனியாக மேலே ஏறுவதில்லை. காற்றின் பத்து லட்சம் பங்கில் 300 பங்கு அமோனியா இருந்தால், அது உயிருக்கு உடனடி ஆபத்து விளைவிக்கும் அளவு என்று பணிப் பாதுகாப்பு வழிகாட்டிகள் வைத்திருக்கின்றன. அந்தக் கலவைக்கும் வெறும் காற்றுக்கும் உள்ள எடை வேறுபாட்டைக் கணக்கிட்டுப் பார்த்தேன்: ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அப்படிப்பட்ட கலவை காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம்தான் போகும். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதுதான். பதினேழையும் இருபத்தொன்பதையும் தெரிந்திருந்ததால் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

அது தோன்றியவர் எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். மீன்பிடித் தொழிலில் நாற்பது ஆண்டுகள் இருப்பவர். எட்டாவதோடு பள்ளியை விட்டவர். அவர் என் செய்தியைப் படிக்கவே இல்லை. வெளியே வந்தார், இடுப்பில் இருந்த துண்டை அவிழ்த்து உயர்த்திப் பிடித்துக் காற்றைப் பார்த்தார், பிறகு அதை வாளித் தண்ணீரில் முக்கி மூக்கில் கட்டிக்கொண்டு, வீட்டில் இருந்தவர்களையும் பக்கத்து வீட்டுக் குழந்தைகளையும் அப்படியே செய்யச் சொல்லிக் கூட்டிப்போனார். மறுநாள் நான் கேட்டபோது, “காத்துக்கு எதுக்கவும் நடக்கல வாத்தியாரே, அது கூடவும் நடக்கல. குறுக்கால நடந்தோம். வாடை கொறைஞ்ச எடத்துல நின்னோம்” என்றார். வாயு மூட்டத்திலிருந்து வெளியேற, காற்றின் திசைக்குக் குறுக்காக நகர வேண்டும் என்பதே பேரிடர்க் கையேடுகள் சொல்வதும். ஈரத் துணியும் சரியானது. ஒரு பங்கு நீர் தன் அளவைப் போல ஏறக்குறைய எழுநூறு மடங்கு அமோனியாவைக் கரைத்துக்கொள்ளும். அந்தக் கரைதிறனை வைத்து நீரூற்றுச் சோதனை செய்து காட்டி, ஆண்டுதோறும் மாணவர்களைக் கைதட்ட வைத்தவன் நான். அன்றிரவு ஈரத் துணியைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

கதவை மூடிக்கொண்டு உள்ளே இருக்கச் சொன்னதும் எல்லா இடத்துக்கும் தவறான யோசனை அன்று. இறுக மூடும் கான்கிரீட் வீட்டுக்கு, குறுகிய நேரக் கசிவின்போது, அதுவே சரியாக இருக்கலாம். நான் என் வீட்டிலிருந்து பார்த்து, எல்லோருக்கும் என் வீடு இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதினேன். ஷீட் கூரையும் இரண்டு விரல் இடைவெளியும் உள்ள வீட்டுக்கு அந்தச் சொல் வேறு பொருள் தரும் என்பது, தினமும் அந்த வீட்டைக் கடந்து நடக்கிறவனாகிய எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காலை ஏழு மணிக்கு மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் அந்தச் செய்தியை அழித்துவிடலாம் என்றுதான் முதலில் கை போனது. அதற்குள் அது தெருவைத் தாண்டிவிட்டது. திருவொற்றியூரில் இருக்கும் என் தங்கையின் கைபேசிக்கு, “ஒரு வேதியியல் பேராசிரியர் கூறுகிறார்” என்ற தலைப்போடு அதே வரிகள் வந்திருந்தன. நான் பேராசிரியர் இல்லை. அழித்திருந்தால் நான் தவறு செய்த அடையாளம் மட்டும் என் தெருவில் போயிருக்கும். தவறு மற்ற தெருக்களில் உயிரோடு இருந்திருக்கும். ஆகவே அழிக்காமல், அந்தச் செய்தியையே மேற்கோளாக இழுத்து அதன் கீழே எழுதினேன்: எந்த வரி தவறு, ஏன் தவறு, அதற்குப் பதில் என்ன செய்ய வேண்டும், இதை நான் எந்த அனுபவத்தை வைத்துச் சொன்னேன், எந்த அனுபவம் எனக்கு இல்லை. ‘திருத்தம்’ என்று மட்டும் தனியாகப் போட்டிருந்தால் எதற்கான திருத்தம் என்று வெளியில் யாருக்கும் புரிந்திருக்காது. பழைய வரியையும் புதிய வரியையும் ஒன்றாகக் கட்டி அனுப்பியதால்தான், தங்கை மூலமாக அது வந்த வழியிலேயே கொஞ்ச தூரமாவது திரும்பிப் போயிற்று. முழுவதும் போய்ச் சேரவில்லை. முதல் செய்தி போன வேகத்தில் திருத்தம் போவதில்லை என்பதை ஏற்றுக்கொண்டுதான், முதல் செய்தியை எழுதுவதற்கு முன்பே நிதானிக்க வேண்டியிருக்கிறது.

ஆயா வீட்டுக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். எழுத்தில் கேட்பது போதாது என்று பட்டது.

என் அப்பா பெரம்பூரில் பஞ்சாலைத் தொழிலாளி. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த பகுதி அது. சிங்காரவேலர் 1923இல் இந்தியாவின் முதல் மே தினத்தை நடத்தியதும், பின்னர் அறிவியல் கட்டுரைகளைத் தமிழில் தொழிலாளர்களுக்காக எழுதியதும் இந்தச் சென்னையில்தான். அப்பா ஷிப்ட் முடிந்து படிப்பகத்துக்குப் போவார். ஒருவர் நாளிதழை உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள், பிறகு விவாதம். சிறுவனாக நானும் போயிருக்கிறேன். அங்கே யாராவது ஒரு கருத்தை அடித்துச் சொன்னால், மூலையிலிருந்து ஒரு குரல், “நீ பாத்தியா, கேட்டியா, படிச்சியா?” என்று கேட்கும். கேலிக்காக இல்லை, நிஜமாகவே பதில் எதிர்பார்த்துக் கேட்பார்கள். பார்த்ததைச் சொன்னால் ஒரு மதிப்பு, கேட்டதைச் சொன்னால் ஒரு மதிப்பு, படித்ததைச் சொன்னால் எந்தப் பத்திரிகை என்ற அடுத்த கேள்வி. நள்ளிரவுக் கசிவுக்குப் பிறகு அந்த மூன்று சொற்களை நான் என் பழக்கமாக்கிக்கொண்டேன். எந்தக் கருத்தை எழுதினாலும் அது நான் செய்து பார்த்ததா, பிறர் சொல்லக் கேட்டதா, படித்ததா என்பதை அந்த வாக்கியத்துக்குள்ளேயே வைத்துவிடுகிறேன். அமோனியாவைப் பற்றி அன்றிரவு இந்த முறையில் எழுதியிருந்தால், “ஆய்வகத்தில் ஜாடி அளவு அமோனியாவை மட்டுமே கையாண்டிருக்கிறேன், குழாய்க் கசிவை நான் கண்டதில்லை” என்று முதல் வரியிலேயே வந்திருக்கும். அந்தப் பெண்மணியும் என் சொல்லுக்கு அதற்கேற்ற எடையை மட்டும் கொடுத்திருப்பார்.

இதே கண்ணோடு திரும்பிப் பார்த்தபோது, முந்தைய ஆண்டு நடந்த ஒரு தகராறும் வேறு விதமாகத் தெரிந்தது. தெருக்கோடியில் ஒரு வீட்டு மாடியில் செல்போன் கோபுரம் அமைத்தார்கள். அடுத்த வீட்டுப் பெண் குழுவில் கதிர்வீச்சு, புற்றுநோய் என்று எழுதினார். நான் நீளமாகப் பதில் எழுதினேன்: இது அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிடுங்கும் வகைக் கதிர்வீச்சு அன்று, இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் கோபுரங்களுக்கான வரம்பு சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காக உள்ளது, கோபுரம் தொலைவில் இருந்தால்தான் காதோரம் இருக்கும் கைபேசி அதிக ஆற்றலோடு ஒலிபரப்ப வேண்டியிருக்கும். எல்லாம் சரியான செய்திகள். அந்தப் பெண் அதற்குப் பிறகு குழுவில் எதுவும் எழுதவில்லை. நான் வாதத்தில் வென்றதாக நினைத்தேன். பிறகு அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது, அவருடைய உண்மையான தொல்லை அந்தக் கோபுரத்தின் டீசல் ஜெனரேட்டர். மின்சாரம் நின்றால் அதன் புகை நேராக அவர் மகள் படிக்கும் அறைக்குள் வருகிறது. பழைய மாடி அந்தப் பாரத்தைத் தாங்குமா என்ற பயமும் இருந்தது. ஜெனரேட்டர் புகை என்று சொன்னால் யாரும் காது கொடுக்கமாட்டார்கள், கதிர்வீச்சு என்றால் கேட்பார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் புகையையும் சத்தத்தையும் மட்டும் குறிப்பிட்டு, எந்தெந்த நேரம் என்று பத்து நாள் குறிப்போடு மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். ஜெனரேட்டர் இடம் மாறியது. இப்போதெல்லாம் அறிவியல் தவறாகத் தோன்றும் ஒரு கருத்தைக் கண்டால், அதைத் திருத்துவதற்கு முன், இவருக்கு என்ன நேர்ந்ததால் இதைச் சொல்கிறார் என்று தனியாகக் கேட்கிறேன். பொதுவில் கேட்பதில்லை, பொதுவில் கேட்டால் மனிதர்கள் முதலில் சொன்னதையே கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள்.

அரசியலில் என் தவறு வேறு விதமானது. அங்கே எனக்கு நேரடி அனுபவம் இருந்தது, அதை நான் பயன்படுத்தவில்லை. ஆசிரியர் என்பதால் பல தேர்தல்களில் பணி செய்திருக்கிறேன். 2017 டிசம்பர் 21 அன்று ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் 59 வேட்பாளர்கள். நோட்டாவையும் சேர்த்து அறுபது பெயர்களுக்கு நான்கு வாக்குப்பதிவுக் கருவிகளை வரிசையாக வைக்க வேண்டியிருந்தது. 2019 ஏப்ரல் 18 மக்களவைத் தேர்தலில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்தேன். ஆனாலும், மின்னணு இயந்திரத்தை நம்ப முடியாது என்று குழுவில் எவராவது எழுதினால், “நான் தேர்தல் பணி செய்தவன், இதெல்லாம் வதந்தி” என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன். பாராசூட் பற்றிக் கேட்ட அதே பையன்தான் இதையும் அடிக்கடி கேட்பான். கல்லூரியில் கணினி படிக்கிறான். என் பதிலுக்குப் பிறகு அவன் கேட்பதை நிறுத்தினான். வரும் காணொளிகளை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தான்.

2024 தேர்தல் நெருங்கியபோது அவனை வீட்டுக்கு அழைத்து உட்காரவைத்து, என் கைகள் செய்ததை மட்டும் வரிசையாகச் சொன்னேன். வாக்குப்பதிவு ஏழு மணிக்கு. அதற்கு முன், விடியற்காலையிலேயே வேட்பாளர்களின் முகவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது ஐம்பது வாக்குகள் போட்டு, கருவி காட்டும் எண்ணிக்கையையும் போட்ட வாக்கைச் சீட்டாக அச்சிட்டுக் காட்டும் விவிபாட் பெட்டிக்குள் விழுந்த சீட்டுகளையும் எண்ணி ஒப்பிட்டோம். பிறகு கருவியிலிருந்து அந்த வாக்குகளை அழித்து, பூச்சியம் காட்டி, சீட்டுகளைக் கறுப்பு உறையில் இட்டு முத்திரை வைத்தோம். முகவர்கள் கையெழுத்திட்டார்கள். வாக்காளர் பொத்தானை அழுத்தியதும் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி தெரியும். தான் போட்ட சின்னம் அதில் வரவில்லை என்று ஒருவர் சொன்னால், அவரிடம் எழுத்து மூலம் உறுதிமொழி வாங்கிக்கொண்டு, முகவர்கள் எதிரிலேயே சோதனை வாக்குப் போட விதி 49எம்ஏ இடம் தருகிறது. புகார் பொய்யானால் தண்டனை உண்டு. மாலையில் மொத்தம் எத்தனை வாக்குகள் பதிவாயின என்பதைப் படிவம் 17சி-இல் எழுதி, கையெழுத்திட்டு, ஒவ்வொரு முகவரிடமும் நகல் கொடுத்தேன்.

இதோடு, நான் பார்க்காதவற்றையும் சொன்னேன். கருவிக்குள் இருக்கும் மின்னணுச் சில்லில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை நான் பார்த்ததில்லை. கருவிகள் பாதுகாப்பறைக்குப் போன பிறகு அங்கே நான் இருந்ததில்லை. விவிபாட் சீட்டுகளை முழுவதும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையைப் பற்றி அவனுக்கு ஒரு கருத்து இருந்தது, எனக்கு ஒன்று இருந்தது. சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடிகளில் எண்ணி ஒப்பிட வேண்டும் என்பது 2019இல் உச்ச நீதிமன்றம் வகுத்த முறை. முழு எண்ணிக்கைக்கான மனுக்களை அதே நீதிமன்றம் 2024 ஏப்ரல் 26 அன்று தள்ளுபடி செய்தது. எங்கள் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு அதற்கு ஒரு வாரம் முன்பே, 19ஆம் தேதி முடிந்துவிட்டிருந்தது.

அவனுடைய சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அவன் கேட்கும் கேள்வி மாறியது. ‘இயந்திரத்தை நம்பலாமா’ என்பதிலிருந்து, ‘அந்த 17சி நகல் யார் கையில் இருக்கிறது’ என்பதற்கு வந்தான். எங்கள் தெருவிலேயே ஒரு பெண்மணி இருபது ஆண்டுகளாக ஒரு கட்சிக்குப் பூத் ஏஜென்ட். அவரிடம் போய்க் கேட்டான். அவர், “வீடியோ அனுப்புறவங்க எல்லாம் ஒரு நாள் காலைல அஞ்சரை மணிக்கு வந்து ஒக்காரட்டும் தம்பி, ஆள் இல்லாமத்தான் நாங்க அல்லாடுறோம்” என்றிருக்கிறார். அவன் வேறொரு வேட்பாளருக்கு முகவராக உட்கார்ந்தான். ஜூன் 4ஆம் தேதி முடிவு வந்த பிறகு, சாவடிவாரியான முடிவுகளைக் கொண்ட படிவம் 20 வெளியானதும், தன்னிடமிருந்த நகலில் உள்ள மொத்தத்தை அதோடு ஒப்பிட்டுவிட்டு என்னிடம் காட்டினான். இரண்டு எண்களும் ஒன்றாக இருந்தன. தன் சாவடியைப் பற்றித்தான் தன்னால் சொல்ல முடியும், மற்ற சாவடிகளைப் பற்றிச் சொல்ல முடியாது என்று அவனே குழுவில் எழுதினான். அந்த வாக்கியத்தை அவனுக்கு நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

அரசியல் கருத்தில் இன்னொன்றையும் கடைப்பிடிக்கிறேன். யாருக்கு வாக்களிக்க வேண்டும், எந்தக் கட்சி நல்லது என்பன போன்ற மதிப்பீடுகளையும், இத்தனை வாக்கு, இந்தச் சட்டம், இந்தத் தேதி என்பன போன்ற சரிபார்க்கக்கூடிய செய்திகளையும் ஒரே மூச்சில் எழுதுவதில்லை. இரண்டையும் கலந்தால், மதிப்பீட்டை ஏற்காதவர்கள் செய்தியையும் தள்ளிவிடுகிறார்கள். ஏற்பவர்கள் செய்தியைச் சரிபார்க்காமல் விழுங்கிவிடுகிறார்கள். எனக்கு உறுதியான அரசியல் சார்பு உண்டு, அதை மறைப்பதும் இல்லை. அதைச் சொல்லும்போது சார்பு என்றே சொல்கிறேன்.

உடலுக்கு, உயிருக்கு உடனடி விளைவு உள்ள விஷயங்களில் மட்டும் கருத்தே எழுதுவதில்லை. அங்கே முதலில் கேள்விதான் கேட்கிறேன்: எந்தத் தெருவில், எவ்வளவு நேரமாக, காற்று எந்தப் பக்கம், கண் எரிகிறதா, தனியாக இருக்கும் முதியவர்கள் எந்தெந்த வீட்டில். மீன்பிடித் தொழிலில் இருக்கும் அந்த அண்ணனையும், 108 வண்டியில் வேலை பார்க்கும் ஒரு தம்பியையும், தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரையும் சேர்த்து நால்வராக ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். நால்வரில் இருவராவது ஒத்துக்கொண்டால்தான் ‘இதைச் செய்யுங்கள்’ என்ற வரி தெருவுக்குப் போகும். 112, 108 ஆகிய எண்களை அழைப்பது மட்டும் யாருக்காகவும் காத்திருக்காது.

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு மறுபடியும் ஒரு நெடி. குழுவில், “சார், இது என்ன?” என்று வந்தது. “தெரியவில்லை. அமோனியா போல எனக்குத் தோன்றவில்லை, ஆனால் மூக்கை வைத்து மட்டும் சொல்கிறேன். காற்று எந்தப் பக்கம்?” என்று எழுதினேன். அண்ணனிடமிருந்து ஒரு நிமிடத்தில் குரல் பதிவு வந்தது. நான் ஒரு துண்டை நனைத்துத் தோளில் போட்டுக்கொண்டு நான்கு வீடு தள்ளி நடந்தேன். கதவு திறந்திருந்தது. ஆயா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஈரத் துண்டு, பக்கத்தில் மூச்சு மருந்துக் குப்பி. என்னைப் பார்த்ததும், “காத்து எப்படிக்கா அடிக்குது வாத்தியாரே?” என்று கேட்டார்.